பசுமலை: ஓர் அடிவாரத்தூரின் வரலாறு

மதுரை மாநகரைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளியின்கண் உயர்ந்ததோர் இடத்தில் நின்று நாற்புறமும் நோக்குவார்க்கு, வடகீழ்த் திசையில் படுத்த களிற்றைப் போல யானைமலையும், மேற்கே நெடும்பாம்பு போல நாகமலையும், வடக்கே தொலைவில் நீல நிறத்ததாய் அழகர் மலையும், தென்மேற்கே பரங்குன்றமும் காட்சி தரும். இவை யாவும் புலவர் பாடவும் அடியார் தொழவும் பெயர் பெற்றவை. பரங்குன்றத்திற்கும் நகரத்திற்கும் இடையே, இவற்றினும் சிறியதாய், பெரியோர் அவையில் ஒதுங்கி நிற்கும் இளைஞனைப் போலத் தோன்றும் குன்று ஒன்றுண்டு. அதுவே பசுமலை. திருமங்கலம் செல்லும் பேருந்தில் நடத்துநர் அப்பெயரைக் கூவும்பொழுது இறங்குவோர் இறங்க, ஏனையோர் சன்னல் வழியே ஒருகால் நோக்கிவிட்டுத் தம் பேச்சைத் தொடர்வர். நம் கல்லூரி மாணாக்கரும் பெரும்பாலும் அவ்வேனையோருள் அடங்குவர் என்பதே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

நாம் நாள்தோறும் வழங்கும் பெயர்கள் சில உள. நம் நூலகத்திற்கு டேனியல் பூவர் பெயர். மாணவர் இல்லங்களுக்கு வாஷ்பர்ன், ஸும்ப்ரோ என்பாருடைய பெயர்கள். 'வாஷ்பர்னுக்குப் போகிறேன்' என்று கூறும் மாணாக்கன் தன் பெட்டியையும் படுக்கையையும் நினைக்கின்றானேயன்றி, அப்பெயருடைய மனிதரை நினைக்கின்றானல்லன். அதனை யாம் குற்றமாகக் கூறவில்லை; பெயர்களின் இயல்பே அது. ஆயினும் பின்னர்க் கூறிய இருவரும் உழைத்த ஊர் பசுமலை என்பதும், நம் கல்லூரி பிறந்த இடம் வைகையின் வடகரையன்று, அக்குன்றின் அடிவாரமே என்பதும் தெரிந்திருத்தல் நலம்.

பசுமலை நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ மூன்று கல் தொலைவில், திருநெல்வேலிக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் அமைந்தது. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், அதுவும் இவ்வழியே பரங்குன்றத்தைத் தொட்டுச் செல்லலாயிற்று. பாண்டி நாட்டின் பஞ்சு துறைமுகத்தை நோக்கிச் சென்ற வழியும், துறைமுகத்தில் இறங்கிய அயல்நாட்டார் மதுரையை நோக்கி வந்த வழியும் இதுவே. ஊரின் அருகே மாடக்குளம் கண்மாய் பரந்து கிடக்கின்றது. இக்கண்மாய் எளியதன்று. பாண்டியர் கல்வெட்டுக்களில் மதுரை நகரமே 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கப்படுகின்றது. ஒரு தலைநகரம் தன்னருகேயுள்ள ஏரியின் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளங் காட்டிக்கொள்ளுதல் நம் முன்னோர் நீரை மதித்த அளவினைப் புலப்படுத்தும்.

இனி, ஊர்ப்பெயரை ஆராய்வோம். பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணம் மதுரையைச் சூழ்ந்த மலைகளுக்கெல்லாம் கதை கூறும் நூல். அதன்படி, சமணர் வேள்வி செய்து மதுரையை அழிக்க யானையை ஏவினர், அது யானைமலையாயிற்று. பின்னர்ப் பாம்பை ஏவினர், அது நாகமலையாயிற்று. மூன்றாவதாக மாயப்பசு ஒன்றினை ஏவினர். பசுவைக் கொல்லுதல் பாவமாதலின் பாண்டியன் திகைத்தான். சொக்கலிங்கப் பெருமான் தம் விடையாகிய நந்தியை அனுப்பினார். நந்தி போர் செய்தலோடு தன் அழகையும் காட்ட, பசு அதன்பால் மயங்கி வீழ்ந்து மலையாயிற்று. இதுவே மாயப்பசுவை வதைத்த படலத்தின் செய்தி. உயிர்க்கொலையை முற்றும் மறுத்தவரும் வேள்வியை இகழ்ந்தவருமான சமணர் வேள்விக் குண்டத்திலிருந்து மிருகங்களை எழுப்பினர் என்பது வியப்புக்குரியதே. எனினும் கதை வெறுங்கற்பனையில் முளைத்ததன்று. யானைமலையிலும், நாகமலையை அடுத்த சமணர் மலையிலும் அருகர் திருவுருவங்கள் பாறையில் இன்றும் உள்ளன. குன்றுதோறும் சமணர் தங்கியிருந்த காலம் ஒன்றிருந்தது. பின் அவர் நீங்கினர். அந்நினைவு வென்றவர் வாயில் இவ்வாறு கதையாயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும்.

பெயருக்கு வேறு பொருள் கூறுவாரும் உளர். பசுமை நிறைந்த மலையாதலின் பசுமலை என்பர் அவர். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இது சுவையான வழக்கு. பசுமை என்னும் பண்புப்பெயர் மலை என்னும் சொல்லோடு புணருங்கால் ஈறு கெட்டுப் பசுமலை என்றாகும். கருமை, மேகம் என்பன கருமேகம் ஆவதும், நெடுமை, மரம் என்பன நெடுமரம் ஆவதும் போல. வருமொழி வல்லினமாயிருந்தால் பசும்பொன், பசுங்கிளி என்றாற்போல இடையே மெல்லெழுத்துத் தோன்றி வழக்கைத் தீர்த்திருக்கும். மலை என்பது மகரத்தில் தொடங்கிவிட்டமையால் அவ்வுதவி நமக்கில்லை. பசு என்னும் பெயர்ச்சொல்லோடு புணர்ந்தாலும் அதே வடிவந்தான். எனவே நன்னூலைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. யாம் பசுவின் பக்கமே சார்கின்றோம். யானையும் நாகமும் அண்டையில் கிடக்க இடையிலுள்ள குன்று மட்டும் நிறத்தாற் பெயர் பெற்றது என்றல் இயல்பாகத் தோன்றவில்லை. அமெரிக்க ஊழியரும் இப்பெயரைப் பசுவின் மலை என்றே தம் மொழியிற் பெயர்த்து எழுதினர்.

அண்டையிலுள்ள பரங்குன்றத்தின் குடைவரைக் கோயிலில் கலியாண்டு 3874, அஃதாவது கி.பி. 773, என்று காலங் குறித்த கல்வெட்டு உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரியாகிய சாத்தன் கணபதி என்பான் அங்குத் திருப்பணி செய்ததை அது கூறும். அத்தகைய பழம்பெருமையுடைய அயலூருக்கும், பாண்டியர் தலைநகருக்கும் நடுவே பசுமலை ஆயிரம் ஆண்டுகள் வழியருகே நின்றது. அதற்கெனத் தனி வரலாறு தொடங்குவது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதனைத் தொடங்கிவைத்தவர் கடல் கடந்து வந்தவர்.

அவர்கள் எவ்வாறு வந்தனர் என்பதைச் சுருங்கக் கூறுவோம். 1806-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணாக்கர் ஐவர் இடியும் மழையும் வந்தமையால் ஒரு வைக்கோற் போரின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, கீழ்நாடுகளில் ஊழியஞ் செய்வதைப் பற்றி உரையாடி மன்றாடினர். அதன் பயனாக 1810-இல் பாஸ்டன் நகரை நடுவாகக் கொண்டு அமெரிக்க மிஷன் சங்கம் எழுந்தது. ஆங்கிலக் கம்பெனியாரின் ஆட்சியில் இந்திய மண்ணில் அமெரிக்கர் தங்குதல் அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. இலங்கையோ கம்பெனியின் கீழன்றி அரசின் நேராட்சியில் இருந்தமையால், 1816-இல் அவர்கள் யாழ்ப்பாணத்தில் இடம் பெற்றனர். 1823-இல் டேனியல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் தடையை நீக்கியவுடன், அடுத்த ஆண்டிலேயே ஹாய்ஸிங்டன், டாட் என்னும் இருவர் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தனர். அவர்களோடு யாழ்ப்பாணத் தமிழர் சிலரும் உதவியாளராக வந்தனர். மதுரை மிஷனின் முதல் தமிழ்க் குரல் ஈழத்துக் குரலே என்பதை நாம் மறத்தலாகாது. பின்னர் டேனியல் பூவரும் மதுரைக்கு வந்து, சில ஆண்டுகள் தங்கி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து, மீண்டும் யாழ்ப்பாணம் சென்று 1855-இல் கொள்ளை நோயால் மாண்டார்.

வட்டுக்கோட்டையைப் போன்ற ஒரு செமினரி பாண்டி நாட்டிற்கும் வேண்டுமென்று கருதி, வில்லியம் டிரேசி என்பார் 1842-இல் திருமங்கலத்தில் அதனைத் தொடங்கினார். மூன்றாண்டு கழித்து, 1845-இல், அது பசுமலையின் அடிவாரத்திற்கு வந்தது. இவ்விடத்தின் நன்மையை எண்ணிப் பார்ப்பின் எளிதில் விளங்கும். நகரத்திற்கு நடந்து செல்லும் தொலைவு. ஆயினும் நகரத்தின் நெருக்கமும் நோயும் அணுகாத வெளி. பெருஞ்சாலை வாயிலிலேயே உள்ளது. மலையடி நிலமாதலின் மழை பெய்தால் நீர் தேங்காது. நோய் என்று யாம் கூறியது அலங்காரமன்று. மதுரைக்கு வந்த அமெரிக்கருள் பலர் முதற் பத்தாண்டிற்குள்ளேயே காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தனர். செமினரி பசுமலைக்கு வந்த அதே 1845-ஆம் ஆண்டில்தான் இம்மிஷனார் பழனி மலைமேல் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளை எழுப்பினர். ஒரே ஆண்டில் இரண்டு மலைகளைத் தேடினர்; ஒன்று உயிரைக் காக்க, மற்றொன்று கல்வியை வளர்க்க. கோடைக்கானல் உலகறிந்த ஊராயிற்று. பசுமலையைப் பேருந்து நடத்துநர் அறிவார்.

செமினரி பசுமலைக்கு வந்த இரண்டாண்டிற்குள் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. அஃது இவ்வூரின் கதையில் யாம் நின்று நோக்க விரும்பும் இடம். சபையிற் சேர்ந்த பின்னும் சாதியைக் கைவிடாமை அக்காலத்துத் தென்னாட்டு மிஷன்களிலெல்லாம் இருந்த வழக்கம். ஒரே கோயிலில் வேறு வேறு இடங்களில் அமர்தலும், பள்ளியில் வேறு வேறு பந்தியில் உண்ணலும் அதன் அடையாளங்கள். 1847-இல் மதுரை மிஷனார் இதனை இனிப் பொறுப்பதில்லை என்று உறுதி செய்தனர். சாதியை விட்டதற்குச் சான்றாக, யார் சமைத்த உணவாயினும் யாருடனும் அமர்ந்து உண்ண இசைதல் வேண்டும் என்றனர். உபதேசியார் பலர் வேலையை விட்டனர். பசுமலை மாணாக்கர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். அப்பொழுதே கட்டப்பெற்ற பள்ளியின் இருக்கைகள் ஒரு சோற்றுப் பந்தியினால் வெறுமையாயின.

இதனைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் கூறப்படுகின்றன. அயல்நாட்டார் நம் வழக்கத்தின் ஆழத்தை அறியாது சோற்றினால் விசுவாசத்தை அளந்தனர் என்பர் ஒருசாரார். உண்ணும் இலையை அதிகாரத்தின் சோதனைக் கருவியாக்கியதில் கடுமை உண்டென்பதை யாமும் மறுக்கவில்லை. ஒருவன் மனமாற்றத்தைப் பிறன் பார்த்திருக்க உண்டு காட்டச் செய்தல் இன்னாததே. ஆனால் அப்பந்தியில் இடம் மறுக்கப்பட்டிருந்தவன் பக்கம் நின்று பாருங்கள். அவனுக்கு இஃது இலையைப் பற்றிய வழக்கன்று. தான் மனிதனா அல்லனா என்பதைப் பற்றிய வழக்கு. 'மெல்ல மெல்ல மாறும்' என்று அவனிடம் கூறியவரெல்லாரும் வயிறு நிரம்பியிருந்தவர். 1850-இல் சென்னையிற் கூடிய பல மிஷன்களின் மகாநாடும் இவ்வழியையே தழுவிச் சாதியை மறுத்துத் தீர்மானம் செய்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தடுக்கப்பட்டிருந்த மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாளில். பசுமலைப் பந்திக்கும் அந்நாளுக்கும் இடையே 92 ஆண்டுகள் கழிந்தன. மெல்ல மாறுதல் என்பதன் அளவு இதுவே போலும். பசுமலைப் பந்தியால் சாதி சபையை விட்டு நீங்கிற்று என்று யாம் எழுதத் துணியோம். திருமணப் பேச்சு எழும்பொழுது அது எந்த அறையிலிருந்து வெளிவருகின்றது என்பதை வீட்டுப் பெரியோர் அறிவர்.

முதற் சோதனை சோற்றினால் வந்தது. இரண்டாவது மொழியினால் வந்தது. 1854, 1855-ஆம் ஆண்டுகளில் சங்கத்தின் செயலராகிய ரூபஸ் ஆண்டர்சன் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்தையும் மதுரையையும் பார்வையிட வந்தார். மிஷன் செமினரிகளில் ஆங்கிலம் கற்றவர் ஊருக்குத் திரும்பாது அரசாங்க வேலையை நாடிச் செல்கின்றனர். சபைக்கு வேண்டுவது தாய்மொழியில் பயின்று தம் மக்களிடையே வாழும் ஆசிரியரும் போதகருமே என்பது அவர் கொள்கை. அதன் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. பசுமலை மூடப்படவில்லை; ஆனால் ஆங்கிலம் விலக்கப்பட்டுத் தமிழிலேயே பயிற்றும் இடமாக அது சுருங்கிற்று.

ஆண்டர்சனின் கொள்கையில் பாதி உண்மை உண்டு. ஊரை விட்டு ஓடுதற்கே கல்வி பயன்படுகின்றது என்னும் முறையீடு இன்றும் நம் வீடுகளிற் கேட்கப்படுவதே. ஆனால் மற்றப் பாதியை அவர் காணவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியபொழுது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்ற தமிழர்; அவருள் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழுக்கு உயிரளித்தவர் அவர். ஆங்கிலம் கற்றதனால் அவர் தமிழை விட்டு ஓடவில்லை. மேலும், தாய்மொழிக் கல்வியே போதும் என்று பிறர்க்கு விதிப்பவர் தம் மக்களுக்கும் அதனையே விதித்தால் அஃது அறமாகும். ஆங்கிலம் அறிந்தார்க்கே கதவு திறக்கும் நாட்டில், ஏழைக்கு மட்டும் ஆங்கிலம் வேண்டாவென்றல் அவனைக் கதவின் வெளியே நிறுத்துதலாகும். இவ்விரண்டுக்கும் நடுவே நேரிய வழி காணுதல் எளிதன்று. தமிழைக் கருவியாகவும் ஆங்கிலத்தை வாயிலாகவும் கொள்ளுதல் என்னும் வழியைப் பசுமலை பிற்காலத்தில் மேற்கொண்டது. அதனை மேற்கொண்டவர் வாஷ்பர்ன்.

ஜார்ஜ் வாஷ்பர்ன் 1860-இல் இந்தியாவிற்கு வந்து, முதலில் வத்தலக்குண்டில் பணிசெய்து, 1870-இல் பசுமலைக்குத் தலைவராக வந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவர் காலத்தில் அடிவாரம் ஓர் ஊராயிற்று. ஆங்கிலம் மீண்டும் புகுந்தது. உயர்நிலைப் பள்ளி வளர்ந்தது. 1881-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்று இரண்டாந்தரக் கல்லூரி எழுந்தது. நம் கல்லூரி தன் வயதைக் கணக்கிடுவது அவ்வாண்டு முதலே. 1880-களில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் தோன்றிற்று. இறையியற் பள்ளி தனியாகப் பிரிந்து ஜான் ஜோன்ஸ் என்னும் அறிஞரின் தலைமையில் நடந்தது. இந்தியாவின் வாழ்வையும் எண்ணத்தையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் மேனாட்டாரிடையே பரவின. இவற்றோடு அச்சுக்கூடம் ஒன்றும் நிறுவப்பட்டது. லெனாக்ஸ் அச்சகம், பசுமலை என்னும் முத்திரை தாங்கிய பழைய தமிழ் நூல்களை நூலகங்களில் இன்றும் காணலாம். 'சத்திய வர்த்தமானி' என்னும் பத்திரிகையும் வாஷ்பர்னால் நடத்தப்பட்டது. பனையோலையும் எழுத்தாணியும் ஊர்ப் பள்ளிகளிலிருந்து நீங்காத காலத்தில், ஒரு சிறு குன்றின் அடியில் ஈய எழுத்துக்கள் கோக்கப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்வெல்லாவற்றினும் பெரிதாக யாம் மதிப்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியையே. கல்லூரிக்குப் பட்டமும் புகழும் உண்டு. ஆசிரியப் பள்ளிக்கு அவையில்லை. அங்கு இருந்து வெளிவந்தவர் மேலூர், மானாமதுரை, திருப்புவனம், மண்டபசாலை, பெரியகுளம், பழனி ஆகிய மிஷன் வட்டங்களின் கூரைப் பள்ளிகளுக்குச் சென்றனர். கரும்பலகையும் மணற்பரப்புமே அவர் செல்வம். காலையில் அரிச்சுவடி, மாலையில் ஊரார்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல், ஞாயிற்றுக்கிழமை செபக்கூட்டம் என்று அவர் நாட்கள் கழியும். அவர்களுள் பலர் ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களிற் பிறந்தவர். நம் முன்னாள் மாணவர் எத்துணையோ பேர், தம் பாட்டனார் பசுமலையிற் பயின்ற வாத்தியார் என்று கூறக் கேட்டிருக்கின்றோம். அவர்களுடைய பெயர்கள் எந்த இல்லத்தின் வாயிலிலும் பொறிக்கப்படவில்லை.

வாஷ்பர்னுக்குப் பின் தலைமை ஏற்ற வில்லியம் மைக்கேல் ஸும்ப்ரோ, கல்லூரி பசுமலையில் இருக்கும் வரையில் அது சிறிதாகவே இருக்கும் என்று கண்டார். நகரத்துப் பிள்ளைகள் மூன்று கல் நடந்து வந்து படிக்க விரும்பவில்லை; விடுதியிற் சேர்வோர் பெரும்பாலும் சபையாரே. 1904-இல் கல்லூரி வகுப்புக்கள் மதுரைக்கு மாற்றப்பட்டன. வைகையின்மேல் 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டுவிட்டமையால் வடகரை நகரத்தோடு இணைந்திருந்தது. அங்கே தல்லாகுளத்தின் அருகே வாங்கப்பட்ட அகன்ற நிலத்தில், சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திற்கும் மைசூர் அரண்மனைக்கும் பெயர் பெற்ற ஹென்றி இர்வின் வரைந்த படத்தின்படி செங்கல் மாளிகை எழுந்தது. 1909-இல் அமெரிக்கன் கல்லூரி என்னும் பெயரோடு புதிய வாழ்வு தொடங்கிற்று. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். ஸும்ப்ரோ எண்ணியது சரியாயிற்று. ஆயினும் தாய்வீட்டில் அன்று மாலை விளக்கேற்றியவர் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை.

கல்லூரி சென்றபின் பசுமலை வறிதாகிவிடவில்லை. உயர்நிலைப் பள்ளி தொடர்ந்து நடைபெற்றது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இளமையில் கமுதியில் தொடக்கக் கல்வி பெற்று, 1917-இல் இப்பள்ளியிற் சேர்ந்து பயின்றார் என்பது பலர் அறியாதது. சபையின் வரலாற்றில் மாறுதல்கள் நேர்ந்தன. 1908-இல் மதுரை மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபொழுது அதனுள் அடங்கின. நாடு விடுதலை பெற்று ஆறு கிழமைகள் கழிந்தபின் அது நிகழ்ந்தது. மதுரை, இராமநாதபுரத் திருமண்டலத்தின் முதற் பேராயராக லெஸ்லி நியூபிகின் வந்தார்.

இதற்கிடையே அடிவாரத்தைச் சூழ்ந்து வேறோர் உலகமும் வளர்ந்தது. 1892-இல் ஹார்வி சகோதரர் மதுரையில் நூற்பாலையைத் தொடங்கினர். தூத்துக்குடியில் அவருக்கு முன்னரே ஆலை இருந்தது. பஞ்சும் நூலும் இருப்புப்பாதை வழியே ஏறியிறங்கின. ஆலையின் ஆங்கிலேய அதிகாரிகள் வெப்பத்திற்கு அஞ்சிப் பசுமலையின் மேல் மாளிகை அமைத்து வாழ்ந்தனர். அது பிற்காலத்தில் செல்வர் தங்கும் விடுதியாயிற்று. மலையடியில் ஏழை மாணாக்கர் தமிழ் நெடுங்கணக்கு ஓத, மலைமேல் ஆலை முதலாளிகள் மாலைக் காற்று வாங்கினர். ஆலைத் தொழிலாளர்க்கோ சற்றுத் தென்மேற்கே தனிக் குடியிருப்பு அமைந்தது. ஹார்விபட்டி என்று இன்றும் அது அவ்வாலையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பெயர்களைப் பற்றிப் பேசுங்கால் இன்னொன்றும் கூறவேண்டும். பசுமலைக்கும் பழங்காநத்தத்திற்கும் இடையே பைகாரா என்றோர் இடம் உண்டு. அப்பெயர் கேட்டுச் சிலர் ஏதோ பழைய பாளையக்காரர் பெயர் என்று எண்ணுவர். அது நீலகிரி மலையில் ஓடும் ஆற்றின் பெயர். அவ்வாற்றின் வீழ்ச்சியில் 1932-இல் மின்சாரம் உண்டாக்கப்பட்டு, பின்னர்க் கம்பிகள் வழியே மதுரைக்கு வந்து சேர்ந்தது. அதனைப் பெற்றுப் பகிரும் மின்நிலையம் இங்கு அமைந்தமையால், ஆற்றின் பெயர் நெடுந்தொலைவு கடந்து ஒரு துளி நீருமின்றி இச்சாலையோரத்தில் ஊர்ப்பெயராயிற்று. பசுவின் பெயரால் மலை, துரையின் பெயரால் பட்டி, மின்சாரத்தின் பெயரால் பேட்டை. மூன்று காலங்கள் மூன்று கல்லுக்குள் அடங்கின.

தமிழ் உலகிற்கும் இவ்வூர் ஒரு வீடு தந்தது. எட்டயபுரத்தில் 1879-இல் பிறந்து, பாரதியாரின் இளமை நண்பராய் விளங்கி, வழக்கறிஞராய்த் தொழில் செய்து, 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கிய நாவலர் சோமசுந்தர பாரதியார் பசுமலையில் குடியிருந்தார். தொல்காப்பியப் பொருட்படலத்திற்கு அவர் எழுதிய புத்துரை, உரையாசிரியரோடு அஞ்சாது வாதிடுவது. தசரதனின் குறையையும் கைகேயியின் நிறையையும் எடுத்துக் காட்டிக் கம்பன் அன்பரை அவர் கலங்கச் செய்தமையும் தமிழர் அறிந்ததே. 1937-இல் எழுந்த இந்தி எதிர்ப்புப் போரில் முன்னின்றார். 1959-இல் மறைந்தார். ஆண்டர்சன் தமிழ் மட்டும் போதும் என்று கூறிய ஊரில், எண்பது ஆண்டுகள் கழித்து, தமிழை அழுத்துதல் தகாது என்று முழங்கிய ஒருவர் வாழ்ந்தார். ஒருவர் வேலைக்கு அஞ்சித் தமிழை விதித்தார். மற்றவர் அன்பினால் அதனைக் காத்தார்.

1971-இல் மதுரை மாநகராட்சியாயிற்று. 1974-இல் பசுமலையில் மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி தோன்றியது. நம் கல்லூரி நீங்கி எழுபது ஆண்டு கழித்து, பட்ட வகுப்பு மாணாக்கர் மீண்டும் அக்குன்றின் அடியில் நடக்கலாயினர். 2011-இல் திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி ஆகிய அயலூர்களும் மாநகராட்சியுள் அடங்கின. கண்மாய்க் கரைக்கும் குன்றுக்கும் இடையே வயலாயிருந்த நிலமெல்லாம் வீடாயிற்று. முற்காலத்தில் நகரத்திலிருந்து நோக்கினால் தெரிந்த பசுவின் வடிவை இப்பொழுது காணவேண்டுமாயின், மாடக்குளம் கண்மாய்க் கரையில் ஏறி நின்று, மாலை வெயில் சாயும் நேரத்தில் தெற்கே நோக்குதல் வேண்டும்.